சிவப்பு கிட்டாரும் ஒரு மெமோவும்

நெய்வேலியில் வெளிநாட்டுக்காரர் யாராவது ஊர் திரும்புகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே டவுன்ஷிப் முழுக்கச் சேதி பரவிவிடும். கப்பலில் கொண்டுபோக முடியாததையெல்லாம் வராந்தாவில் பரப்பி வைத்து விற்றுவிட்டுப் போவார்கள். மேஜை விசிறி, இஸ்திரிப் பெட்டி, பீங்கான் தட்டு, சில சமயம் நம் ஊர் வெயிலில் யாருக்குமே உதவாத கம்பளிக் கோட்டுகூட இருக்கும். அறுபதுகளின் நடுவில், சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சச எந்திரத்தைப் பூட்டித்தர வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் மஞ்சள் காமாலையில் விழுந்து திடீரென்று கிளம்பினார். அவரிடம் நல்ல காம்பஸ் பெட்டி ஒன்று இருப்பதாக ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அதை வாங்கத்தான் போனேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மெக்கானிக்காக வந்து சேர்ந்தவர். வேலை பெர்மனென்ட் ஆன இரண்டாவது வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக எனக்கு டிராயிங் ஆபீசில் ட்ரேசர் வேலை கொடுத்தார்கள். அதனால் குவார்ட்டர்ஸும் எங்கள் கையைவிட்டுப் போகவில்லை. வீட்டில் அம்மாவும் ஒரே பெண்ணான நானும் மட்டும்.

நான் போய்ச் சேர்வதற்குள் காம்பஸ் பெட்டி விற்றுப்போயிருந்தது. வராந்தா மூலையில் ஒரு நீளமான ஒட்டுப்பலகைப் பெட்டி கிடந்தது. மூடியைத் தூக்கினேன். இரண்டு கொம்பு வைத்தாற்போல் அறுத்த ஒரு பலகை, நீளமான கழுத்து ஒன்று, சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் திருகாணி, தந்தியை முறுக்கும் ஆணி, கம்பி. எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு பெரிய தாள். அதை விரித்தேன். மின்சார கிட்டார் ஒன்றின் முழு அளவுப் படம். மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, குறுக்கே வெட்டி. எழுத்தெல்லாம் ஜெர்மன். ஆனால் படத்துக்கு ஏது பாஷை? ஒவ்வொரு கோடும் என்னிடம் பேசியது.

நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த அந்த மனிதர், மழைக்காலத்தில் பொழுது போகச் செய்யலாம் என்று ஊரிலிருந்து வரவழைத்ததாகவும், பெட்டியைப் பிரித்ததோடு சரி என்றும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"உன் தம்பிக்கா?"

"தம்பி கிடையாது. எனக்கு."

"வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"மரவேலை?"

"தெரியாது."

"பின்னே எதற்கு?"

"எனக்குப் படம் படிக்கத் தெரியும்" என்றேன்.

அவர் சரி என்று கையை அசைத்தார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவோடு நடந்தேன். கனம். இரண்டு இடத்தில் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டேன்.

அந்தப் பெட்டி எனக்கு எதற்கு என்று அதற்கப்புறம் எத்தனையோ பேர் கேட்டார்கள். ட்ரேசர் வேலை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் அது விளங்கும். டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலால் போட்ட படத்தின் மேல் கஞ்சி போட்ட மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டின் மேலேயே மையால் கோடு இழுக்க வேண்டும். கோடு நம்முடையது அல்ல. ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. படத்தின் மூலையில் நான்கு கட்டம் இருக்கும். வரைந்தவர், பிரதி எடுத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். மூன்று வருஷமாக இரண்டாவது கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மண்வெட்டி எந்திரத்தின் பல்லையும் சக்கரத்தையும் அச்சையும் நூற்றுக்கணக்கில் பிரதி எடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆபீஸ் பெண்பிள்ளைகளுக்கு மைன்ஸுக்குள் போக பாஸ் கிடையாது. ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒரு பொருளை நானே முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அது கிட்டாராக இல்லாமல் தையல் மிஷினாக இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

முதல் வேலை தேய்ப்பது. பலகையின் ஓரமெல்லாம் ரம்பம் அறுத்த வாக்கிலேயே சொரசொரப்பாக இருந்தது. வடலூரில் உப்புத்தாளும் அரமும் ஒரு சின்ன உளியும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் பின்கட்டில் பழைய புடவையை விரித்து உட்கார்ந்துவிடுவேன். மூன்றாம் நாள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் கிளார்க். எங்கள் பிளாக்கிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு ஆம்பிளைத் துணை என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர்.

"ஏட்டி, என்னட்டி இது? தச்சு வேலையா?"

"ஆமா மாமா."

"பொம்பளப் பிள்ளை உளியும் கையுமா ஒக்காந்திருந்தா நாளைக்கு ஒருத்தன் பாக்க வருவானா?"

"வராட்டிப் போறான். இந்த ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் தேயணும். நகந்துக்கிடுங்க, வெளிச்சத்த மறைக்கிய."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அம்மாவுக்கும் இது பிடிக்கவில்லைதான். ஆனால் சம்பளம் கொண்டுவருகிற பெண்ணைக் கேட்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கழுத்தின் மேல் குறுக்கே, வீணையின் மெட்டுப்போல் பதிக்க வேண்டிய உலோகக் கட்டைகள் ஒரு சுருள் கம்பியாக இருந்தன. அதை அளவுக்கு வெட்டி, கழுத்தில் கீறியிருந்த பள்ளங்களில் ஒவ்வொன்றாக அடித்து இறக்க வேண்டும். முதல் அடி விழுந்ததுமே பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்தது. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை கழுத்தையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குப் போய், ஒரு வெட்டுமரக் கட்டையின் மேல் வைத்து அடித்தேன். இருபத்தோரு கட்டை. இரண்டு வளைந்துபோயின. பிடுங்கி மறுபடி அடித்தேன்.

பெரிய கோளாறு வேறு இடத்தில் இருந்தது. மின்சார கிட்டாருக்கு வயிறு கிடையாது. தந்தி அதிர்வதைத் தெரிந்துகொண்டு மின்சாரமாக மாற்றுவது தந்திக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னக் காந்தச் சுருள். அந்தச் சுருளின் முனைகள் கப்பல் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. எலக்ட்ரிகல் ஷாப் என்கிற பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர், கான்ட்ராக்ட், கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். ஷாப்புக்குப் போக பாஸ் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் அதைப் படிக்காமலே திருப்பித் தந்தார்.

"ட்ரேசருக்கு ஷாப்புல என்னம்மா வேலை?"

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய படச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக ஷாப் கேட் வழியாக உள்ளே நடந்தேன். கையில் டிராயிங் இருக்கிற ஆளை யாரும் நிறுத்துவதில்லை என்பதை மூன்று வருஷத்தில் கவனித்து வைத்திருந்தேன். நிறுத்தவில்லை.

கம்பி சுற்றுகிறவருக்கு முப்பத்தைந்து வயது மதிக்கலாம். சுருளை வாங்கி மீட்டரில் வைத்தார். முள் அசையவில்லை.

"உள்ள அறுந்துகினு இருக்குதுங்க. ஒட்ட முடியாது. முச்சூடும் பிரிச்சிட்டுப் புதுசா சுத்தணும்."

"நீங்க சுத்தித் தருவீங்களா?"

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. "மோட்டாரு கம்பி சுத்தி சுத்தி இப்பிடி ஆயிடுச்சிங்க. இம்மாம் மெல்லிசு என் கையில நிக்காது. எங்க வூட்டுக்காரிதான் ஃபேன் காயிலெல்லாம் சுத்துது. மெஷினு வூட்லதான் இருக்குது. ஞாயித்துக்கெழம வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பி மட்டும் நீங்களே கொண்டாந்துடுங்க. ஷாப்புலேர்ந்து ஒரு முழம் எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

வடலூரில் ரேடியோ ரிப்பேர் கடையில் பழுதான ஹெட்போன்கள் கிடைத்தன. அதற்குள் இருக்கும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. கடைக்காரரிடம் ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன். ஏன் கேட்டேன் என்று நினைவில்லை. ஆபீஸ் பழக்கமாக இருக்கலாம்.

வடக்குத்தில் அவர்கள் வீடு ஒற்றை அறைக் கூரை வீடு. அவர் மனைவிக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். வாரம் ஆறு நாள் மைன்ஸில் கான்ட்ராக்டில் மண் சுமக்கிறவள். நான் உள்ளே போனதும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிய கை ஒரு மூச்சு நேரம் நின்றது. எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தது கைக்குள் இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"குடிக்க மாட்டீங்கன்னா சொல்லிடுங்க. வந்த வேலய மட்டும் பாக்கலாம்."

மடமடவென்று குடித்தேன். முகம் எரிந்தது. "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றேன். "கம்பிய எடுங்க" என்றாள்.

கையால் சுற்றுகிற சின்ன மெஷின் அது. சுற்று எண்ணுகிற கருவியும் அதில் இருந்தது. ஏழாயிரம் சுற்று என்று ஜெர்மன்காரரின் தாளில் போட்டிருந்தது. அவளே சுற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கைப்பிடியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கம்பியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க புடிங்க. ஒங்க பொருளு. இழுக்காதீங்க, தளர வுடாதீங்க. குருவிக்குஞ்ச புடிச்சாப்புல புடிக்கணும்."

மூவாயிரத்துச் சொச்சத்தில் அறுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னொன்னு இருக்குதில்ல? அடுத்த ஞாயிறு வாங்க" என்றாள். அடுத்த ஞாயிறு ஐயாயிரத்தில் அறுந்தது. மூன்றாவது ஞாயிறு காலையில் தொடங்கினோம். அவள் சுற்றிக்கொண்டே பேசினாள். "நீங்க இருக்குற பிளாக்கு இருக்குதே, அங்கதான் எங்க மாமனாரு ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. நெலத்துக்காரங்களுக்குப் பணம் குடுத்தாங்க. ஏர் ஓட்டுனவங்களுக்கு இன்னாங்க குடுத்தாங்க?" விரலிடுக்கில் கம்பி ஓடிக்கொண்டேயிருந்தது. ஏழாயிரம் வந்ததும் அவள் கைப்பிடியை நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரர் மீட்டரை வைத்தார். முள் எழுந்தது. அன்றைக்கு அங்கேயே கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. பலகைக்கு என்ன நிறம் என்று யோசித்தேன். டிராயிங் ஆபீசில் சிவப்பு மையைத் திருத்தத்துக்கு மட்டும்தான் தொடுவோம். தப்பைக் காட்டுகிற நிறம். என் சொந்தப் பணத்தில் இரண்டு புட்டி சிவப்பு டிராயிங் மை வாங்கி, பலகை முழுக்கத் துணியால் தேய்த்தேன். மரம் குடித்தது. மறுபடி பூசினேன். அதன்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தால் பத்துப் பன்னிரண்டு தரம் ஏற்றினேன். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் அது வெற்றிலை போட்ட நாக்குப்போல் பளபளத்தது.

"என்னட்டி இப்படிச் செவேல்னு பண்ணி வச்சிருக்க? அடக்கமா ஒரு பழுப்பு அடிச்சா ஆகாதா?" என்றாள் அம்மா.

"அடக்கமா இருக்கதுக்காம்மா செஞ்சேன்?"

தந்திகள் துருப்பிடித்திருந்ததால் மெட்ராஸிலிருந்து தபாலில் புதுசு வரவழைத்தேன். எந்தத் தந்தியை எந்த சுருதியில் வைப்பது என்று ஜெர்மன் தாளில் ஆங்கில எழுத்துகள் போட்டிருந்தன. ஒன்றுக்கு மட்டும் ‘எச்’ என்று இருந்தது. நான் வாங்கிய இசைப் புத்தகத்தில் அப்படி ஒரு ஸ்வரமே இல்லை. ஜெர்மன்காரர்கள் ‘பி’யை அப்படி எழுதுவார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அதைக் காதுக்குப் பிடித்த இடத்தில் நானே நிறுத்தினேன்.

அப்பாவின் வால்வு ரேடியோவுக்குப் பின்னால், கிராமபோன் இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் உண்டு. கிட்டாரிலிருந்து வந்த வயரை அதில் செருகினேன். ரேடியோ சூடேறும்வரை காத்திருந்துவிட்டுக் கீழ்த் தந்தியை ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். வீடே உறுமியது. அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டு அதிர்ந்தது. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ரேடியோ கெட்டுப்போச்சாட்டி?"

"இல்லம்மா. நான்தான்."

வாசிக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் தட்டித் தடவிப் பழகினேன். மாமாவுக்கு இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். ஆனால் அவரை உலுக்கியது சத்தம் அல்ல.

"வடக்குத்துல அந்த வீட்டுல போயி தண்ணி குடிச்சியாமே? பாத்தவன் சொல்லுதான்."

"சாப்பிட்டேன் மாமா. கருவாட்டுக் குழம்பு."

நாங்கள் மீன் தொடாத குடும்பம். கருவாடு என்று சொன்னது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போயிற்று. செருப்பை மாட்டக்கூட மறந்து, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து எனக்கு மெமோ வந்தது. ஸ்டோர்ஸுக்குச் சொந்தமான தாமிரக் கம்பியையும் டிராயிங் மையையும், கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் துணையோடு திருடிச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியதாகப் புகார். விளக்கம் தர வேண்டும். யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறார்கள்.

ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "ஏம்மா, அப்பா இல்லாத பொண்ணு. தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடு. நான் பேசி முடிச்சுடறேன். ஃபைல மூடிடுவாங்க."

எழுதுவதாகத்தான் இருந்தேன். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கே போவேன்? பேனாவைத் திறந்தபோது பக்கத்து மேஜைப் பெண் சொன்னாள், அந்தக் கம்பி சுற்றுகிறவரை அன்றைக்குக் காலையிலேயே கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார் என்று. மெமோ இல்லை, விளக்கம் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நான் அந்த ஒரு வரியை எழுதினால் அவர் திருடியது உறுதியாகிவிடும். பேனாவை மூடினேன்.

"எழுத மாட்டேன் சார். விசாரணை வைக்கச் சொல்லுங்க."

"விசாரணைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. ஆனா வேணும்."

விசாரணைக்கு வந்தவர் வேறு பிரிவு எஞ்சினியர். ஒரு ஸ்டோர்ஸ் கிளார்க்கும் வந்திருந்தார். கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். துணி சுற்றாமல், சிவப்பு தெரிய, ஆபீஸ் நடுவில் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாத் தலையும் திரும்பியது.

"இதைச் செய்தது யார்?"

"நான்."

"யாரெல்லாம் செய்து கொடுத்தார்கள் என்று கேட்கிறேன்."

"கம்பி சுற்ற ஒரு மெஷின் இரவல் வாங்கினேன். அவங்க வீட்டு மெஷின். கைப்பிடிய அந்த வீட்டு அம்மா சுத்தினாங்க. கம்பியப் பிடிச்சு ஓட்டினது நான். மத்த எல்லாம் நான்."

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. சுருள் இருக்கும் கூட்டுக்கு நானே ஒரு படம் போட்டு வைத்திருந்தேன். பழையது உடைந்திருந்ததால் புதுசு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் படத்தை மேஜையில் விரித்தேன். மூலையில் நான்கு கட்டத்திலும் என் கையெழுத்து. அவர் நான்கையும் விரலால் தொட்டு எண்ணினார். நான் திருப்புளியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே கிட்டாரைத் திறந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தேன். சுருளின் வெளிமுனையிலிருந்து ஒரு விரற்கடை கம்பியை வெட்டி நீட்டினேன்.

"சார், ஸ்டோர்ஸ்ல இருக்கிறதுலயே மெல்லிசான கம்பியக் கொண்டுவரச் சொல்லுங்க. மைக்ரோமீட்டரும் வேணும்."

வந்தது. அளந்தார். ஸ்டோர்ஸ் கம்பிக்கு முன்னால் என்னுடையது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் கிளார்க்கைக் கேட்டார்.

"இதைவிட மெல்லிசு எப்பவாவது வாங்கினது உண்டா?"

"இல்ல சார். மோட்டாருக்கு இது எதுக்கு சார்?"

வடலூர் கடைச் சீட்டையும் மை வாங்கிய சீட்டையும் எடுத்து வைத்தேன். எஞ்சினியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

"எல்லாம் சரி. எதுக்கும்மா இது உனக்கு?"

"அது விசாரணையில இருக்கிற கேள்வியா சார்?"

ஸ்டோர்ஸ் கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஞ்சினியர் சிரித்தாரா இருமினாரா தெரியாது. நான் அந்தக் கடிதாசியைப் பார்க்க வேண்டும் என்றேன். தயங்கிவிட்டு நீட்டினார். எழுத்தை வேண்டுமென்றே பின்பக்கம் சாய்த்து எழுதியிருந்தது. எழுத்தை மாற்றலாம். பழகிய கை போகும் போக்கை மாற்ற முடியாது. ஒவ்வொரு ‘ழ’வின் வாலும் மேலே ஏறிக் கொக்கி போட்டு நின்றது. அப்பா இறந்த பிறகு என் வேலைக்காக எழுதிய மனு அத்தனையிலும் அந்தக் கொக்கியைப் பார்த்திருக்கிறேன். மாமாவின் கை. கடிதாசியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கிட்டாரை மறுபடி பூட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மாமா வழக்கம்போல் எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தார். அம்மா இருக்கும்போதே கேட்டேன்.

"ஏன் மாமா எழுதினீங்க?"

அவர் மறுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "ஒன்னய ஒரு மிரட்டு மிரட்டினா அந்தப் பக்கம் போகமாட்டன்னு நெனச்சேன். இம்புட்டுத் தூரம் போவும்னு யாரு கண்டா? எல்லாம் ஒன் நல்லதுக்குத்தாம்ட்டி."

"அவங்க வேல போச்சு. அதுவும் என் நல்லதுக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். அம்மா தம்பியிடம் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"ஏலே, அந்த வேல எம் புருசன் செத்ததுக்குக் குடுத்தது. அதுல கை வச்சிட்டியே. எந்திரி. இனிமே இந்த வீட்டுல நீ காப்பி குடிக்க வேண்டாம்."

அவர் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். அம்மா கதவைச் சாத்தினாள். அதற்காக அம்மாவுக்குக் கிட்டார் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அன்று முழுக்க என்னோடும் பேசவில்லை.

ஒரு வாரத்தில் மெமோ வாபஸ் ஆயிற்று. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்கு ஓடினேன். அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நான் படித்துக் காட்டியதைக் கேட்டாள். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க. சந்தோசம். எங்களுக்கு யாரு காயிதம் குடுப்பா?"

இருவருமாகக் கான்ட்ராக்டர் கொட்டகைக்குப் போனோம். காகிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "திருடல, சரி. அதான் வேற ஆள் போட்டாச்சே" என்றார். மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். லேபர் ஆபீசுக்கு என் கையால் மூன்று மனு எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் வீட்டிலேயே ஃபேனும் பம்ப் மோட்டாரும் சுற்ற ஆரம்பித்தார்கள். டவுன்ஷிப்பில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, பழுதான விசிறிகளைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் வடலூர் ரோட்டில் சின்னதாகக் கடை போட்டார்கள். அக்கா மண் சுமப்பதை விட்டாள். கடை நன்றாக நடந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஷாப் வேலை அவள் வீட்டுக்காரர் பெர்மனென்ட் ஆகக் காத்திருந்த இடம். போனது போனதுதான்.

எனக்கும் ஆபீசில் எல்லாம் மாறிவிடவில்லை. டிராஃப்ட்ஸ்மேன் பரீட்சைக்கு மனு போட்டேன், திருப்பினார்கள். மறுபடி போட்டேன். இரண்டாம் தரம் உட்கார அனுமதித்தார்கள், பாஸானேன்.

கடை போட்ட புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். வடக்குத்தில் அவர்கள் வீட்டுக்குக் கரண்ட் கிடையாது. கண்ணெட்டும் தூரத்தில் பவர் ஹவுஸ் புகைபோக்கி இருந்தும் கிடையாது. அதனால் அவள் சுற்றிய சுருள் என்ன சத்தம் போடுகிறது என்று அதுவரை அவள் கேட்டதே இல்லை. பின்பக்கமாக வந்து நின்றாள். நான் அவளை முன்வாசலுக்கு அழைத்துப் போய், தெரு பார்க்க, அந்த வழியாகவே உள்ளே கூட்டிவந்தேன். மாமா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காரும்மா."

ரேடியோவைச் சூடேற்றி வாசித்தேன். அப்போது எனக்கு இரண்டு பாட்டு வரும், இரண்டும் அரைகுறை. அவள் பாட்டைக் கேட்கவில்லை. எழுந்து வந்து, என் விரலுக்குப் பக்கத்தில் இருந்த சுருளின் மேல் காதை வைத்தாள். பிறகு ரேடியோவில் வைத்தாள்.

"இது நாம சுத்துனதுதான் கத்துதா?"

"ஆமாக்கா."

"மோட்டாரு சத்தம் போட்டா சுத்துனவங்கள ஏசுவாங்க. இது சத்தத்துக்குன்னே சுத்துனதா!" அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இன்னும் சத்தமா வெக்க முடியுங்களா?"

"முடியும்."

"வையுங்க."

குமிழை முழுக்கத் திருகினேன். ஆறு தந்தியையும் சேர்த்து இழுத்தேன். தெருவில் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் ஜன்னலில் தலையை நீட்டி, "யாருய்யா அது?" என்று கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்கா எங்கள் ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

"நாங்கதாங்க!" என்றாள்.